இரவிவர்மா எழுதிய குழந்தை

சித்திர ஆசிரியனாக முப்பத்தோராண்டு பணியாற்றி இளைப்பாறிய எனக்கு, பிறர் வேண்ட உருவப்படம் எழுதும் வழக்கம் அதிகம் இல்லை. வகுப்பறையிலே மண்குடத்தையும் வாழைப்பூவையும் வரையக் கற்பித்தே காலம் கழிந்துவிட்டது. ஆயினும், சென்ற ஆண்டு எங்கள் ஒழுங்கையில் வாழும் முதிய அம்மையார் ஒருவர், கனடாவிலிருக்கும் தம் பேரப்பிள்ளைகள் இருவரையும் ஒரே படத்தில் எழுதித் தருமாறு கேட்டபோது, மறுக்க மனம் வரவில்லை. கூலியும் பேசினார், அதில் அரைவாசியை முன்பணமாகவும் வைத்துவிட்டுப் போனார்.

தமையனுக்கு ஏழு வயது, தங்கைக்கு நான்கு. அம்மையார் அவர்களை ஒரு நாளேனும் நேரிற் கண்டவரல்லர். நானும் கண்டதில்லை. எங்கள் இருவருக்கும் கிடைத்த ஆதாரம், கைத்தொலைபேசியில் வந்து சேர்ந்த பதினாறு புகைப்படங்களே. அப்பதினாறில் ஒன்றிலாவது இருவரும் செவ்வையாகச் சேர்ந்து நிற்கவில்லை. பையன் சாளரத்தின் அருகே நின்றான். ஒளி இடப்புறமிருந்து விழுந்தது. பெண்ணோ மின்விளக்கின் கீழே பிறந்தநாள் அப்பத்தின் முன் இருந்தாள். ஒளி உச்சந்தலையில் விழுந்தது. நான் கட்டங் கீறி, அளந்து, அப்படியே கன்வஸ் சீலையில் ஏற்றினேன். மூன்று வாரத்தில் படம் முடிந்தது. முடிந்தது என்று நான் எண்ணினேன்.

அம்மையார் வந்து நெடுநேரம் பார்த்தார். பிள்ளைகளின் சாயல் குறைவின்றி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பின்னர்த் தயங்கித் தயங்கி, இவர்கள் என் வீட்டுக்கு வந்தவர்கள் போல இல்லையே மாஸ்டர், எதையோ வெறித்துப் பார்த்துக்கொண்டல்லவா நிற்கிறார்கள் என்றார். மீதிப் பணத்தையும் மேசைமேல் வைத்தார். படத்தை மட்டும் கொண்டு போகவில்லை.

அன்று மாலை அந்தப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, இரவிவர்மாவின் சித்திரத் தொகுதியை எடுத்துக்கொண்டு இருந்தேன். அவரை ஏன் தேடினேன் என்பதற்குக் காரணம் உண்டு. நம்மவர் இரவிவர்மாவைத் தெய்வங்களை எழுதியவராகவே அறிவர். தாமரையில் நிற்கும் இலக்குமியும் வீணையேந்திய கலைமகளும் அவர் அச்சகத்திலிருந்து புறப்பட்டு, நம் வீட்டுச் சாமியறைகளிலும் கடைகளிலும் குடிபுகுந்த கதை யாவருக்கும் தெரிந்ததே. ஆனால், அவருக்குச் சோறு போட்ட தொழில் பெரும்பாலும் அதுவன்று. பிறர் வேண்ட, பிறர் முகத்தை, அவர்கள் மனம் ஒப்பும்வரை திருத்தித் திருத்தி எழுதுவதே அவர் தொழில். என் அம்மையாரைப் போன்றோர் ஆயிரம் பேரை அவர் சமாளித்திருப்பார் அல்லவா?

இரவிவர்மா 1848 ஆம் ஆண்டு ஏப்பிரல் 29 ஆம் நாள் திருவிதாங்கூரிலுள்ள கிளிமானூர் அரண்மனையிற் பிறந்தார். தாயார் உமாம்பா கவி பாடவல்லவர். தந்தையார் நீலகண்டன் பட்டதிரிப்பாடு வடமொழிப் புலமை வாய்ந்தவர். சிறுவன் கரிக்கட்டியால் அரண்மனைச் சுவரிலே விலங்குகளை வரைந்தான் என்றும், வேலைக்காரர் முறையிட, மாமனார் இராசராச வர்மா கோபிக்காமல் அக்கையைப் பிடித்துப் பழக்கினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. எல்லா ஓவியர் வாழ்க்கையிலும் இப்படி ஒரு சுவர் இருக்கும். இவர் வாழ்க்கையில் ஐயமில்லாத செய்தி, அந்த மாமனாரே முதல் ஆசிரியர் என்பதும், 1862 இல் பதினான்கு வயதுப் பிள்ளையை அவரே திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராசாவின் நிழலில் விட்டார் என்பதுமாகும்.

அங்கேதான் தைலவர்ணம் என்னும் புதுப்பொருளை அவர் கண்டார். அதன் வேலைப்பாடு அறிந்தவர் அரண்மனை ஓவியரான மதுரை இராமசுவாமி நாயக்கர். நாயக்கர் இளைஞனுக்குக் கற்பிக்க மறுத்துவிட்டார். அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை என்பவரே, இரவு வேளைகளில் ஆசிரியர் அறியாமல் வந்து, வர்ணம் குழைக்கும் விதத்தை இரவிவர்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தவர். 1868 இல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய உருவப்பட ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் எழுதும்போது அருகில் நின்று பார்க்க மட்டும் இடங்கொடுத்தார். ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இந்தப் பகுதியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் உறுத்தும். கற்பிக்க மறுத்தவர் இருவருடைய பெயர்களும் ஏடுகளில் முன்னே நிற்கின்றன. கற்பித்த தமிழர் பெயர் ஒரு வரியிலே வந்து மறைந்து போகிறது.

பிறர் கூலி கொடுத்து எழுதுவித்த முதற் படம் 1870 இல் வந்தது. மூகாம்பிகை கோயிலிலே நாற்பத்தொரு நாள் வழிபட்டுத் திரும்பும் வழியில், கள்ளிக்கோட்டையிலே உப நீதிபதியாயிருந்த கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனோன் தம் குடும்பத்தை எழுதித் தருமாறு வேண்டினார். அப்போது இரவிவர்மாவுக்கு இருபத்திரண்டு வயது. அந்தப் படம் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆடையின் கரையும் அணிகலனின் ஒளியும் அவ்வயதினர் எழுதியவை என்று நம்பமுடியாதபடி அமைந்துள்ளன. ஆயினும், என் கண்ணுக்கு அதில் ஒரு விறைப்புத் தோன்றுகிறது. பெரியோரும் சிறுவரும் படப்பிடிப்புக் கூடத்திலே, அசையாதே என்று அதட்டி இருத்தப்பட்டவர் போலக் காணப்படுகின்றனர்.

இதில் வியப்பில்லை. அக்காலத்தில் உருவப்படம் என்றால் மக்கள் மனத்தில் எழுந்தது புகைப்படக் கூடத்தின் தோற்றமே. கண்ணாடித் தகட்டிலே மருந்து பூசி, அது உலருமுன் எடுக்கவேண்டிய படம் அது. ஒளி தகட்டிற் பதியப் பல விநாடி செல்லும். பெரியவர்களுக்கே கழுத்தின் பின்னே இரும்புக் கவை ஒன்றை முட்டுக் கொடுப்பர். குழந்தை எங்ஙனம் அசையாதிருக்கும்? அசைந்தால் முகம் புகையாகிவிடும். அசையாதிருந்தால் கண் கல்லாகிவிடும். மேலும், அத்தகடு நீல ஒளியையே நன்றாக உணரும். சிவப்பையும் மஞ்சளையும் ஏறக்குறைய உணராது. ஆகவே சிவந்த உதடு கருத்துப் போகும். நீலப் பட்டு வெளுத்துப் போகும். நம் நாட்டவரின் மாநிறம் உள்ளதைவிட இருண்டு தோன்றும். இப்படத்தை நம்பி வர்ணம் தீட்டுபவன் ஒவ்வொன்றையும் மனத்திலே மாற்றிக் கணக்கிடவேண்டும். பின்னாளில் உலர்தகடு வந்து நேரம் குறைந்தது. நிறத்தின் பொய் உடனே தீரவில்லை.

1873 இல் சென்னைக் கண்காட்சியிலே, கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் மங்கையின் படத்துக்கு ஆளுநரின் பொற்பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னாவிலும் பரிசு வந்தது. 1876 இல் கடிதம் எழுதும் சகுந்தலையை ஆளுநர் பக்கிங்காம் கோமகனே விலைக்கு வாங்கினார். 1880 இல் ஆயில்யம் திருநாள் மறைய, அவருக்குப்பின் வந்த விசாகம் திருநாளுடன் இரவிவர்மாவுக்கு மனம் ஒட்டவில்லை. அரண்மனையை விட்டு வெளியேறினார். அது அவருக்கு நன்மையாகவே முடிந்தது. கும்பகோணத்திற் பிறந்து, திருவிதாங்கூரில் திவானாயிருந்து, அப்போது பரோடாவில் திவானாக விளங்கிய ரி. மாதவராவ், 1881 இல் இளவரசர் சயாசிராவ் ஆட்சிப் பொறுப்பை ஏற்கும் விழாவுக்கு அவரை வரவழைத்தார். அதன் பின் இந்தியாவின் புகைவண்டிப் பாதைகளே அவர் வீடாயின. மைசூர், பரோடா, பவநகர், உதயப்பூர் என்று தம்பி இராசராச வர்மாவுடன் ஊர் ஊராகச் சென்றார். தம்பி நல்ல நிலக்காட்சி ஓவியர். அண்ணன் எழுதிய முகங்களின் பின்னணியிற் பல அவர் கைவண்ணம். 1895 முதல் ஏறத்தாழப் பத்தாண்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிவைத்த நாட்குறிப்பு இன்று நூலாகக் கிடைக்கிறது.

அரசர்கள் ஓவியன் முன் அமர்வது அரிது. அமர்ந்தாலும் இருபது நிமிடத்தில் யாரேனும் வந்து அழைத்துவிடுவர். குழந்தைகளோ அழைப்பாரின்றியே எழுந்து ஓடுவர். இறந்தோரின் படம் கேட்பவர்களும் உளர். 1901 இல் உதயப்பூரிலே, 1597 இல் மறைந்த மகாராணா பிரதாப்பை எழுத வேண்டியிருந்தது. அதற்குப் பழைய படங்களை விட்டால் வேறு துணை ஏது? ஆகவே புகைப்படக் கருவி இரவிவர்மாவின் வேலைக்கூடத்தில் இடம்பெற்றதை யாரும் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. உருவங்களுக்கு நின்றோரைப் புகைப்படம் பிடித்து வைத்துக்கொண்டார். வந்து அமர முடியாதவர்களின் புகைப்படத்தைப் பார்த்து எழுதினார். அதை அவர் மறைக்கவுமில்லை. அக்காலத்து ஐரோப்பிய ஓவியர் பலரும் அவ்வாறே செய்தனர். சிலர் அதை ஒளித்தனர்.

ஆனால், புகைப்படத்துக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதிலேதான் ஓவியனின் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. இதை அறிய, மேற்சொன்ன 1870 ஆம் ஆண்டுப் படத்தின் பக்கத்திலே 1893 ஆம் ஆண்டுப் படம் ஒன்றை வைத்துப் பார்க்கவேண்டும். அதோ அப்பா வருகிறார் என்பது அதன் பெயர். இது அரசர் எவரும் கேட்டு எழுதியதன்று. மாவேலிக்கரையைச் சேர்ந்த மனைவியார் பாகீரதி 1891 இல் காலமாகி இரண்டாண்டு கழிந்த வேளை. மூத்த மகள் மகாப்பிரபாவையும் அவள் கைக்குழந்தையையும் இரவிவர்மா எழுதினார். வெள்ளை ஆடை உடுத்த இளந்தாய் குழந்தையை இடுப்பிலே ஏந்தி நிற்கிறாள். அவள் நோக்கு நம்மீது இல்லை. படத்தின் இடப்புற விளிம்புக்கு அப்பால் யாரோ வருகிறார். அவரைக் குழந்தைக்குக் காட்டுகிறாள். காலடியில் நிற்கும் நாயும் அத்திசையையே நோக்குகிறது. வருபவரை ஓவியர் எழுதவில்லை. எழுதாமலே அவர் வந்துவிடுகிறார். அவ்வாண்டு சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குச் சென்ற பத்துப் படங்களில் இதுவும் ஒன்று. அப்பத்துக்கும் சேர்த்து இரண்டு பதக்கங்கள் கிடைத்தன.

இருபத்துமூன்று ஆண்டில் நிகழ்ந்தது என்ன? தூரிகையின் திறமை வளர்ந்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது போதாது. முன்னைய படத்தில் இருப்போர் தம்மைப் படம் எடுக்கிறார்கள் என்பதை அறிவர். பின்னைய படத்தில் இருப்போருக்கு அந்த நினைவே இல்லை. அவர்களுக்கு ஓர் ஆள் இருக்கிறார். என் கன்வஸ் சீலையிலே நின்ற இரு பிள்ளைகளும் யாரைப் பார்த்தார்கள்? தொலைபேசியின் கண்ணாடிக் கண்ணைப் பார்த்தார்கள். அதையே நான் மயிரிழை பிசகாமல் பெயர்த்து வைத்தேன். அம்மையார் கண்ட குறை இதுதான். சித்திரக் கலையில் ஒரு நாளும் பயிலாத அவருக்கு அது ஒரே பார்வையில் விளங்கிவிட்டது.

இவ்விடத்தில் நம் நாட்டவர் ஒருவரின் கருத்தையும் குறிப்பிடவேண்டும். கொழும்பிற் பிறந்த கலைமேதை ஆனந்த குமாரசுவாமி, இரவிவர்மா மறைந்த மறு ஆண்டு, 1907 இல், அவர் படங்களை மிகக் கடுமையாக மதிப்பிட்டார். தெய்வங்களை நாடக மேடை வேடதாரிகள் போல ஆக்கிவிட்டார் என்பதும், இந்திய உணர்வு அவற்றில் இல்லை என்பதும் அவர் குற்றச்சாட்டு. புராணப் படங்களைப் பொறுத்தவரை நான் பெரும்பாலும் குமாரசுவாமியின் பக்கமே. கூடத்தில் நின்ற பெண்ணின் உடற்கட்டு தேவியின் உருவத்துள்ளே புகுந்து உட்கார்ந்திருப்பது பல படங்களில் வெளிப்படை. ஆனால், மகளும் பேரனும் நிற்கும் இந்தப் படத்தை அத்தீர்ப்பால் அளக்க முடியாது என்பது என் துணிபு. இங்கே வேடம் ஏது?

மற்றைய செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தம் படங்களை எல்லோரும் வாங்கும்படி அச்சிடலாம் என்று மாதவராவ் 1884 இல் கடிதமூலம் கூறிய யோசனை, பத்தாண்டு கழித்து, 1894 இல் பம்பாயில் அச்சகமாக உருப்பெற்றது. கொள்ளைநோய்க் காலத்தில் அது மலவ்லிக்கு இடம் பெயர்ந்தது. கடன் மிகுந்தது. 1901 இல் அதை ஜெர்மானியரான சிலைக்கரிடம் விற்றுவிட்டனர். 1900 இல் அவர் வீட்டிலே வேறொரு நிகழ்ச்சி நடந்தது. திருவிதாங்கூர் அரசமரபு தாய்வழி மரபு. அதில் பெண்வழி அற்றுப்போகும் நிலை வரவே, இரவிவர்மாவின் பேத்திகள் இருவர், மூத்த மகள் வயிற்றுச் சேது லட்சுமி பாயியும் இளைய மகள் வயிற்றுச் சேது பார்வதி பாயியும், சுவீகாரமாக அரண்மனைக்குச் சென்றனர். ஒருத்திக்கு ஐந்து வயது, மற்றவளுக்கு நான்கு. பின்னாளில் மூத்தவள் 1924 முதல் 1931 வரை நாட்டை ஆண்டாள். இளையவள் சித்திரைத் திருநாள் மகாராசாவின் தாயானாள். வரலாறு இதைப் பெருமையாகவே எழுதும். ஐந்து வயதும் நான்கு வயதும் என்ற அந்த இரு எண்களில்தான் என் கண் நின்றது. பாட்டனார் வீட்டுப் பிள்ளைகள் மற்றொரு வீட்டுப் பிள்ளைகளாவதற்குக் கடல் கடக்க வேண்டுமென்பதில்லை.

1904 இல் கெய்சர்-இ-ஹிந்து பொற்பதக்கம் வந்தது. 1905 தொடக்கத்தில் தம்பி இராசராச வர்மா இறந்தார். நெடுங்காலக் கூட்டு உடைந்த பின் அண்ணனும் நெடுநாள் இருக்கவில்லை. 1906 ஒக்ரோபர் 2 ஆம் நாள், கிளிமானூரில், ஐம்பத்தெட்டாம் வயதில் உயிர் நீத்தார்.

தொகுதியை மூடி வைத்த மறுநாள் என் படத்தை மீண்டும் திருப்பி நிறுத்தினேன். முதலில் தலைகீழாக நிறுத்தினேன். பிறகு கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பார்த்தேன். பழகிய கண்ணை ஏமாற்ற இவ்விரு வழியும் போதும். பெண்ணின் மூக்குப் பெரிதாயிருந்தது. அவள் மூக்கு பெரிதன்று. தொலைபேசியை மிக அருகில் பிடித்ததால் வந்த பிழை. நான்கு வயதுப் பிள்ளையின் உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலை. ஏழு வயதில் ஆறில் ஒரு பங்கு. நானோ இருவருக்கும் ஒரே அளவை வைத்திருந்தேன். குழந்தையின் கண்வரி முகத்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே நிற்கும், அதையும் இறக்கினேன். ஒளியை இடப்புறமாக்கி இருவருக்கும் பொதுவாக்கினேன். கண்ணின் வெண்மையிலிருந்து வெள்ளையை எடுத்துச் சாம்பல் நிறம் கலந்தேன். தாடையின் கீழே சட்டையின் மஞ்சள் சற்றே ஏறி ஒளிர்வதை வைத்தேன். புகைப்படம் அதை விழுங்கியிருந்தது. கன்னத்தின் ஓரக்கோடு, நெற்றிமயிர், சட்டைப் பூவேலை என்று கருவி கூர்மையாகக் காட்டிய பலவற்றை மங்கச் செய்தேன். திருத்தம் என்று சொல்கிறோமே, அதில் முக்கால்வாசி அழித்தல்தான்.

கண்கள் மட்டும் வரவில்லை. பதினாறு படத்திலும் நான் வேண்டிய பார்வை இல்லை. ஈற்றில் அம்மையாரிடமே போனேன். பிள்ளைகள் தொலைபேசியில் முகம் காட்டிப் பேசும் நேரம் எது என்று விசாரித்து, அவ்வேளை நானும் ஓர் ஓரமாக அமர அனுமதி கேட்டேன். எங்களுக்கு மாலை ஏழு மணி, அவர்களுக்குக் காலை. திரையில் பாட்டியின் முகம் தோன்றிய கணத்தில் சிறுமி தலையை ஒருபுறம் சாய்த்தாள். கீழுதடு சிறிது முன்வந்தது. பையன் அவ்வளவு வெளிப்படையாக இல்லை. வேறெதையோ பார்ப்பவன் போலிருந்து, ஓரக்கண்ணால் மட்டும் பாட்டியைப் பார்த்தான். கடதாசியில் பென்சிலால் ஏழெட்டுக் கோடு, அவ்வளவே எடுத்தேன். மூன்று மாலை அவ்வாறு போய் வந்தேன். அங்கிருந்த தேநீரையும் வடையையும் பற்றி இங்கு விரிக்க வேண்டியதில்லை.

மீண்டும் அம்மையார் வந்தபோது, சென்ற முறை போலவே நெடுநேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, பையனின் இடச்செவி தவறு என்றார். அது அவன் பாட்டனாரின் செவியாம். மடல் சற்று விரிந்திருக்குமாம். படங்களில் எல்லாம் மயிர் மூடிக்கொண்டிருந்ததால் நான் ஊகித்து எழுதிய செவி அது. காலமான கணவரின் பழைய அடையாள அட்டையை மறுநாட் காலை கொண்டுவந்து தந்தார்.

செவியை மாற்றி எழுதிவிட்டேன். தைலவர்ணம் காயச் சில நாள் செல்லும் என்று சொல்லியும் கேளாமல், தினமும் ஒருமுறை வந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்.